உப்புக் கரிக்கும் ஊரில் பள்ளிக்கூடத்துத் தண்ணீர்

அரசு ஊழியர்களிடையே பழைய மிரட்டல் ஒன்று உண்டு: "ஒழுங்கா இரு, இல்லாட்டி தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்." அந்தக் காடு எங்கள் மாவட்டம்தான். கமுதி, முதுகுளத்தூர், கடலாடி, சாயல்குடி. வெளியூர்க்காரர்களுக்கு இந்தப் பெயர்களைக் கேட்டாலே நாக்கு வறளும். பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கொஞ்சம் கோபம் வரும்.

கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ராஜஸ்தான் பாலைவனத்து ஜெய்சால்மர், பார்மர் பக்கத்து மக்கள் இதில் பாதி கிடைத்தாலே கும்பிடுவார்கள். ஆனால் எங்களுக்கு அந்த மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டித் தீர்த்துவிடும். மண்ணுக்குள் போனால் உப்போடு கலந்துவிடும். கடலோர மாவட்டம், பழைய கடல் படிவு. பல ஊர்களில் போர் போட்டால் வருவது வாயில் வைக்க முடியாத உப்புத் தண்ணீர். கொட்டும்போது பிடித்துவைக்காவிட்டால், அடுத்த ஐப்பசி வரைக்கும் குடத்தோடு அலைய வேண்டியதுதான்.

நாங்கள் சில பேர், ஊரை விட்டு வந்து மதுரையில் பிழைப்பவர்கள், எங்கள் பக்கத்து ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் தண்ணீர் வேலைகளை முடிந்த அளவு செய்துகொண்டிருக்கிறோம். பெரிய அமைப்பெல்லாம் இல்லை. ஒரு வாட்ஸ்அப் குழு, அதில் வழக்கம்போலப் பாதி பேர் காலை வணக்கம் மட்டும் போடுவார்கள். அந்த அனுபவத்தில் எனக்குப் புரிந்ததை எழுதிவைக்கலாம் என்று தோன்றியது. எந்தப் பள்ளியின் பெயரையும் சொல்லப் போவதில்லை. நன்றாக நடப்பதும் நடக்காததும் அந்தந்தப் பள்ளியின் குணம் இல்லை என்பதால்.

முதலில், தண்ணீரை ஒரு சவ்வு வழியே அழுத்தி உப்பை நீக்கும் ஆர்.ஓ. இயந்திரத்தைப் பற்றிப் பேசிவிடலாம். பள்ளிக்குத் தண்ணீர் தருகிறேன் என்று யார் கிளம்பினாலும் முதலில் அவர்கள் மனதில் வருவது அதுதான். எங்கள் மனதிலும் அதுதான் வந்தது. போய்ப் பார்த்தால் பல பள்ளிகளில் அது ஏற்கனவே இருக்கிறது. வராந்தாவின் ஓரத்தில், கம்பிக் கூண்டுக்குள், கொடுத்த நிறுவனத்தின் பெயரோடு. தண்ணீர்தான் வராது.

ஒரு பள்ளியில் அதைத் திறந்து பார்த்தோம். உள்ளே பல்லி முட்டை இரண்டு. முன்வடிகட்டியைக் கழற்றினால், வெள்ளையாக இருக்க வேண்டிய திரி கருப்பட்டி நிறத்தில் இறுகிப் போயிருந்தது. சத்துணவு சமைக்கும் அக்கா பக்கத்தில் வந்து நின்று சொன்னார்: "அது வந்த புதுசுல நல்லாத்தான் தம்பி ஊத்துச்சு. தைப் பொங்கல் கழிச்சு நூலு மாதிரி வந்துச்சு. அப்புறம் நின்னு போச்சு. போன் பண்ணா, ஆள் அனுப்புறோம்னாங்க."

ஆள் வரவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் ஏன் நின்றது என்பது முக்கியம். இந்திய தர நிர்ணயத்தின்படி குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை போகலாம். அந்தப் பள்ளியின் போர் தண்ணீரில் மீட்டரை வைத்தால் 3000-ஐத் தாண்டிக் காட்டியது. வீட்டுச் சமையலறைக்குச் செய்யப்பட்ட ரகத்தைச் சற்றே பெரிதாக்கி இந்தத் தண்ணீரில் மாட்டினால், அதன் சவ்வு எத்தனை நாள் தாங்கும்? இத்தகைய சிறு இயந்திரங்கள் உள்ளே போகும் தண்ணீரில் பாதியைக்கூட நல்ல தண்ணீராகத் தருவதில்லை; மீதி, முன்னைவிட உப்பேறி வெளியே போகிறது. அந்தக் கழிவு நீர் அந்தப் பள்ளியில் வேப்பமரத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. மரம் ஒரு பக்கம் பட்டுப்போயிருந்தது.

சரி, திரியை மாற்றலாம், சவ்வை மாற்றலாம். யார் காசில்? ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் பள்ளி மானியம் என்று ஒன்று வருகிறது. 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய். 31 முதல் 100 பிள்ளைகள் என்றால் 25,000. சாக்பீஸ், பதிவேடு, விளக்குமாறு, ஓட்டை ஒடசல் எல்லாம் அதற்குள்தான். அதில் குறைந்தது பத்து சதவீதம் தூய்மைப் பணிக்கு என்று விதி. 25,000-இல் பத்து சதவீதம் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போடுங்கள். அதில் கழிப்பறைக்குப் பினாயில் வாங்கிய பிறகு ஒரு சவ்வு வாங்க முடியுமா? பல தலைமையாசிரியர்கள் சொந்தக் காசைப் போட்டு ஓட்டுகிறார்கள். அவர் மாறுதலாகிப் போனால் இயந்திரமும் போகும்.

ஆர்.ஓ. வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பிரச்சினை வேறு. அங்கே நிலத்தடி நீரில் ஃபுளூரைடு. உப்பாவது நாக்குக்குத் தெரியும், பிள்ளை துப்பிவிடும். ஃபுளூரைடுக்கு நிறமும் கிடையாது, ருசியும் கிடையாது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் பல்லில் பழுப்புக் கறை விழும், ஆண்டுக்கணக்கில் குடித்தால் எலும்பைப் பிடிக்கும். கொதிக்க வைத்தாலும் போகாது; தண்ணீர் ஆவியாகிக் குறையக் குறைய மிச்சத்தில் அடர்த்திதான் கூடும். அந்த மாவட்டங்களுக்கு ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரைக் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் செயல்பாட்டுக்கு வந்தது. அதுவும் எட்டாத இடத்தில் ஆர்.ஓ. போன்ற ஏதோவொரு கருவி வேண்டும்தான். ஆனால் கருவியைக் கொடுப்பவர் ஐந்து வருடப் பராமரிப்பையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். திறப்பு விழாவுக்கு ஷாமியானா போடும் செலவில் இரண்டு வருடத் திரி வாங்கிவிடலாம்.

எங்கள் மாவட்டத்துக்கும் காவிரி வருகிறது. திருச்சிப் பக்கம் ஆற்றிலிருந்து எடுத்து, 150 கிலோமீட்டருக்கு மேல் குழாயிலேயே பயணம் செய்து, எங்கள் ஊர் மேல்நிலைத் தொட்டிக்கு வந்து சேரும். ராமநாதபுரம் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த பிறகு பல ஊர்களில் பெண்கள் நடக்கும் தூரம் குறைந்தது, அதை மறுக்கக் கூடாது. ஆனால் குழாயின் கடைக்கோடியில் இருக்கும் ஊர்களுக்கு அது தினமும் வராது. நாலு நாளைக்கு ஒருமுறை, சில சமயம் அதற்கும் மேல். வரும் நேரம் அதிகாலையாக இருக்கலாம், பள்ளி விடுமுறை நாளாக இருக்கலாம். பிடித்துவைக்க ஆளும் தொட்டியும் இல்லாத பள்ளிக்கு, வந்தும் வராத கணக்குதான்.

கணக்கு என்றதும் ஞாபகம் வருகிறது. காகிதத்தில் நம் பள்ளிகளுக்குத் தண்ணீர்ப் பிரச்சினையே கிடையாது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே எல்லாப் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பான, போதுமான குடிநீர் என்று இருக்கிறது. 2012 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், எல்லாப் பள்ளிகளிலும் குடிநீரும் கழிப்பறையும் ஆறு மாதத்துக்குள் இருந்தாக வேண்டும் என்று உத்தரவு போட்டது. 2020 அக்டோபர் 2-இல் ஜல் ஜீவன் திட்டத்தில் பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் நூறு நாளில் குழாய் என்று ஓர் இயக்கம் தொடங்கினார்கள். குழாய் போட்டார்கள். படிவத்தில் "குடிநீர் வசதி உள்ளதா" என்ற கட்டத்தில் டிக் விழுந்துவிட்டது. குழாயைத் திறந்தால் காற்று வருகிறதா தண்ணீர் வருகிறதா என்று கேட்க அந்தப் படிவத்தில் கட்டம் இருந்தால் நன்றாக இருக்கும்.

அதனால் பிள்ளைகள் வீட்டிலிருந்து பாட்டிலில் கொண்டுவருகிறார்கள். வீட்டில் குடம் பத்துப் பதினைந்து ரூபாய்க்கு வாங்கிய தண்ணீர். பெரிய பாட்டில் கொடுத்துவிட அம்மாவுக்கு மனசு வராது. குழந்தையாலும் தூக்க முடியாது. அரை லிட்டர், அதுவும் இரண்டாவது பாடவேளைக்குள் காலி. மிச்ச நேரத்துக்கு நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பிள்ளைகளுக்குத் தண்ணீர் குடிக்க நினைவூட்டி மணி அடிக்கும் 'வாட்டர் பெல்' வழக்கம் 2019-இல் கேரளப் பள்ளிகளில் பரவியது. பிற்பாடு நம் பக்கமும் வந்தது. நல்ல யோசனைதான். மணி அடித்தால் குடிக்கத் தண்ணீர் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்று. ஆறாம் வகுப்புக்கு மேல் பெண் பிள்ளைகள் பலர், தண்ணீர் இருந்தாலும் குடிப்பதில்லை. கழிப்பறைக்குப் போக வேண்டுமே என்ற பயம். அங்கே தண்ணீர் இல்லை, அல்லது தாழ்ப்பாள் இல்லை. காலை எட்டு மணிக்கு வீட்டில் குடித்தால் அடுத்தது மாலை ஐந்து மணிக்கு. வயிற்றுவலி, நீர்க்கடுப்பு என்று வாரத்துக்கு ஒரு பிள்ளை லீவு போடுகிறது என்று ஒரு டீச்சர் சொன்னார். குடிநீரையும் கழிப்பறைத் தண்ணீரையும் தனித்தனித் திட்டமாகப் பார்க்கும் அதிகாரிகளுக்கு இது பிடிபடுவதே இல்லை. தண்ணீர்த் தொட்டி கட்டப் போன ஒரு பள்ளியில் நாங்கள் முதலில் செய்த வேலை கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் வைத்ததுதான்.

இனி மழைநீருக்கு வருகிறேன். இதைத்தான் சொல்ல வந்தேன்.

தமிழ்நாட்டில் 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் ஆக்கப்பட்டது. பள்ளிகளிலும் செய்தார்கள். மொட்டை மாடியிலிருந்து ஒரு குழாய், கீழே கூழாங்கல்லும் மணலும் போட்ட ஒரு குழி. சென்னை போன்ற ஊரில் அதனால் கிணறுகளில் தண்ணீர் ஏறியது, நானே பார்த்தேன். ஆனால் உப்பு மண்ணில் நல்ல தண்ணீரைக் குழிக்குள் விடுவது, மோரில் பால் ஊற்றிப் பாலை எதிர்பார்ப்பதுதான். எங்கள் பக்கத்துக்குக் குழி உதவாது, தொட்டி வேண்டும். மூடிய தொட்டி.

கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். இரண்டு வகுப்பறையும் வராந்தாவும் சேர்ந்த தளம் நூறு சதுர மீட்டர் தேறும். 800 மில்லிமீட்டருக்கு 80,000 லிட்டர். சிதறியது, ஆவியானது, கழுவிவிட்டது என்று ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தாலும் 64,000 மிஞ்சும். நூறு பிள்ளைகள் ஆளுக்கு ஒன்றரை லிட்டர் குடித்தால் நாளுக்கு 150 லிட்டர். மழைக் காலத்தில் அன்றன்றைக்கு வருவது போதும். தை முதல் பள்ளி முடியும்வரை, பிறகு ஜூன் முதல் ஐப்பசி மழை வரும்வரை, இரண்டும் சேர்ந்து 150, 160 பள்ளி நாள். அதற்கு 24,000 லிட்டர் இருந்தால் ஆகிவிடும். 13 அடி நீளம், 10½ அடி அகலம், 6½ அடி ஆழத்தில் ஒரு தொட்டி, 25,000 லிட்டர். பள்ளி மைதானத்தில் ஒரு கார் ஷெட் அளவு இடம்.

ராஜஸ்தானின் திலோனியாவில், 1972-இல் தொடங்கப்பட்ட பேர்ஃபுட் காலேஜ் அமைப்பினர் இதைவிட மழை குறைந்த நிலத்தில் பள்ளிகளில் இப்படிக் கூரை நீரைத் தொட்டிகளில் சேர்த்துக் காட்டியிருக்கிறார்கள். உள்ளூர்க் கொத்தனார், உள்ளூர்க் கல். அவர்களால் முடிகிறதென்றால் 800 மில்லிமீட்டரை வைத்துக்கொண்டு நாம் லாரியை எதிர்பார்த்து நிற்பது எனக்கு எப்போதும் கூச்சமாக இருக்கும்.

கட்டுவது ஒரு வேலை இல்லை, கொத்தனாருக்குத் தெரியும். அதை ஓட்டுவதில்தான் சூட்சுமம். முதல் மழை தொட்டிக்குள் போகக் கூடாது. ஆறு மாத வெயிலில் தளத்தில் சேர்ந்த தூசி, வேப்பிலை, காக்கை எச்சம், பக்கத்துக் கருவேலங்காட்டிலிருந்து வந்த சருகு எல்லாம் அதில்தான் வரும். இறங்கு குழாயில் ஒரு கிளைக் குழாய் விட்டு, அடியில் மூடி போட்டு வைத்தோம். மழை பிடித்ததும் மூடியைக் கழற்றிவிட வேண்டும், தளம் கழுவி நீர் தெளிந்ததும் மாட்ட வேண்டும். கால் மணி நேர வேலை. ஆனால் மழை ராத்திரி இரண்டு மணிக்குப் பெய்தால்? தலைமையாசிரியர் பரமக்குடியில் இருக்கிறார். அதனால் புரட்டாசியிலேயே மூடியைக் கழற்றிவைத்துவிடுவது, முதல் இரண்டு மழை முழுக்க வீணாகப் போகட்டும், மூன்றாவது மழையிலிருந்து பிடிக்கலாம் என்று முடிவாயிற்று. இந்த யோசனையைச் சொன்னது எங்கள் குழுவின் பொறியாளர் இல்லை, அந்த சத்துணவு அக்காதான். "மொத ரெண்டு மழையில குளிக்கக்கூட மாட்டோம் தம்பி, புள்ளைகளுக்குக் குடிக்கவா குடுக்கிறது?"

மற்றதெல்லாம் சின்னச் சின்ன விஷயம், ஆனால் ஒவ்வொன்றும் தொட்டியைக் கெடுக்கக் கூடியது. உள்ளே வெளிச்சம் போனால் பாசி பிடிக்கும். ஆள் இறங்கும் மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். காற்றுக் குழாய்க்குக் கொசுவலை கட்டாவிட்டால் டெங்குக் கொசுவுக்கு நாமே பிரசவ ஆஸ்பத்திரி கட்டிக்கொடுத்த மாதிரி. குழாயைத் தொட்டியின் அடித்தளத்திலிருந்து அரை அடி உயர்த்தி வைத்தால் அடி வண்டல் வராது. அப்புறம் குளோரின். பிளீச்சிங் பவுடர் போட்ட பிறகு தண்ணீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சக் குளோரின் நிற்க வேண்டும். சொட்டு மருந்து விட்டு நிறம் பார்த்துச் சொல்லும் சின்னப் பெட்டி மலிவாகக் கிடைக்கிறது.

குளோரின் வாடை என்று ஊர்ப் பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். மழைத் தண்ணி கங்கை மாதிரி, அதில் எதுக்கு மருந்து என்றார் ஒரு தாத்தா. அவரோடு வாதாடவில்லை. கிருமி இருந்தால் கறுத்துக் காட்டும் ஹெச்.டூ.எஸ். குப்பி இரண்டு வாங்கிவந்து, ஒன்றில் மருந்து போடாத தொட்டித் தண்ணீரும் இன்னொன்றில் மருந்து போட்டதும் ஊற்றி ஐந்தாம் வகுப்பு மேசையில் வைத்தோம். எங்கள் ஊர் வெயிலுக்குத் தனியாகச் சூடு காட்டத் தேவையில்லை. மறுநாள் மத்தியானம் முதல் குப்பி தார் மாதிரி கறுத்துவிட்டது. இரண்டாவது அப்படியே இருந்தது. பிள்ளைகள் அதைக் கையில் வைத்துக்கொண்டு வீதி வீதியாகப் போய்க் காட்டிவிட்டு வந்தார்கள். தாத்தா இப்போது அந்தக் குழாயில்தான் பிடித்துக் குடிக்கிறார், வாடையைப் பற்றி முணுமுணுத்துக்கொண்டே.

பழைய ஊருணிகளைப் பற்றி இந்த இடத்தில் யாராவது பெருமூச்சு விடுவார்கள். எனக்கும் ஊருணி பிடிக்கும். குடிக்கிற ஊருணியில் கால் வைக்க விடமாட்டார்கள். கலங்கல் தண்ணீரைப் பானையில் ஊற்றுமுன் உள்பக்கம் தேத்தாங்கொட்டையை உரசிவிடுவாள் என் அப்பத்தா, விடியும்போது மண் அடியில் தங்கித் தெளிந்திருக்கும். தானம் அறக்கட்டளை போன்றவர்கள் எங்கள் மாவட்டத்தில் ஊருணிகளைத் தூர்வாரி, கரையில் வடிகட்டிக் கிணறு கட்டிப் பல ஊர்களில் திரும்பவும் குடிநீராக்கியிருக்கிறார்கள். அருமையான வேலை. ஆனால் அந்தக் காலத்து ஊருணிப் படியில் யார் இறங்கலாம், யார் தள்ளி நின்று யாராவது ஊற்றக் காத்திருக்க வேண்டும் என்ற கணக்கும் இருந்தது. பள்ளிக்கூடத்துத் தொட்டியில் அந்தக் கணக்கு நடக்காது. ஒரே குழாய், ஒரே வரிசை. இதற்காகவே எனக்குப் பள்ளித் தொட்டி ஒரு படி மேல்.

மழைநீர் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். பகல் நேரப் பள்ளிக்கு ஆளுக்கு 45 லிட்டர் தண்ணீர் என்பது கட்டட விதியின் கணக்கு. நூறு பிள்ளைக்கு 4,500 லிட்டர், தினமும். கைகழுவ, கழிப்பறைக்கு, பாத்திரம் கழுவ. 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் வந்தபின் தட்டு கழுவும் தண்ணீர் இரண்டு வேளைக்காயிற்று. இதற்கெல்லாம் கூரை மழை காணாது. உப்பு போர் தண்ணீர் அங்கேதான் உதவும். இரண்டு தொட்டி, இரண்டு குழாய் வரிசை, நல்ல தண்ணிக் குழாய்க்கு நீலப் பெயின்ட். உப்புத் தண்ணீர் வரிசைக்கு இரும்புக் குழாயோ பித்தளைத் திருகோ போடாதீர்கள், அரித்துத் தின்றுவிடும். பிளாஸ்டிக் போதும், உடைந்தாலும் உள்ளூர்க் கடையில் கிடைக்கும்.

மழை பொய்த்தால்? 2016-இல் வடகிழக்குப் பருவமழை அப்படித்தான் கைவிட்டது. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதையும் வறட்சி பாதித்ததாக அறிவித்தார்கள். அந்த மாதிரி வருடத்தில் கூரை எதுவும் தராது. ஆனால் தொட்டி இருக்கிறதே. நாலு நாளைக்கு ஒருமுறை வரும் காவிரியைப் பிடித்துவைக்கலாம், லாரித் தண்ணீரை வாங்கி ஊற்றலாம். தொட்டி இல்லாத பள்ளிக்கு லாரி வந்தாலும் எதில் இறக்குவது?

ஆகவே யாராவது பள்ளிக்குத் தண்ணீர் உதவி செய்ய வேண்டும் என்று எங்களிடம் கேட்டால், நான் இப்போதெல்லாம் இயந்திரத்தின் விலையைச் சொல்வதில்லை. தொட்டிக்குப் பாதி கொடுங்கள், மீதிப் பாதியை வங்கியில் பள்ளி மேலாண்மைக் குழு கணக்கில் போடுங்கள் என்கிறேன். அதன் வட்டியிலிருந்து தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் ஓர் ஆளுக்கு மாதம் ஒரு சிறு தொகை போக வேண்டும். பலருக்கு இது பிடிப்பதில்லை. வட்டியில் சம்பளம் வாங்கும் அக்காவைப் படம் எடுத்துப் போட முடியாது, இயந்திரத்தைப் போடலாம். ஒரு நன்கொடையாளர் வெளிப்படையாகவே, "சார், சம்பளம்னா எங்க போர்டு ஒத்துக்காது" என்றார். வேறு பள்ளிக்கு இயந்திரமாகவே வாங்கிக் கொடுத்துவிட்டார். நல்ல மனுஷர்தான்.

எங்கள் பள்ளியில் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் சிக்கல் வேறு. மே மாத விடுமுறையில் பள்ளி பூட்டியிருக்கும், தொட்டியில் தண்ணீர் கிடக்கும், ஊரில் குடம் விலை ஏறியிருக்கும். போன கோடையில் சாவியைக் கேட்டு வந்தார்கள். தலைமையாசிரியருக்குத் தர்மசங்கடம். குழுக் கூட்டம் போட்டார். "இது புள்ளைக தண்ணி, ஜூன்ல பள்ளி தொறந்ததும் என்ன பண்ணுவீங்க" என்று ஒரு தரப்பு. "அந்தப் புள்ளைகதானே இப்ப வீட்டுல கெடக்குதுக" என்று இன்னொரு தரப்பு. மத்தியானம் வரை பேசி, தொட்டிக்குள் அளவுகோலை விட்டுப் பார்த்து, மூன்றடி மட்டத்துக்குக் கீழே இறங்காமல் வாரம் இரண்டு நாள், படிக்கிற பிள்ளை இருக்கும் வீட்டுக்கு ஒரு குடம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். பிள்ளை இல்லாத வீட்டுப் பாட்டிகள் இருவர் சண்டைக்கு வந்தார்கள். அவர்களுக்கும் உண்டு என்று ஒரு வரி சேர்த்தோம். சாவி அக்காவிடம் இருக்கிறது.